மார்பக மறுசீரமைப்பு: அன்றேவா, பிறகா, வேண்டவே வேண்டாமா?

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லும் அன்றைக்கே, "மறுசீரமைப்பும் சேர்த்துச் செய்துவிடலாமா?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. எடுத்த இடத்தில் மார்பை மறுபடி அமைப்பதைத்தான் மறுசீரமைப்பு என்கிறார்கள். முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அதை யோசிக்க ஒரு வாரம் கிடைத்தாலே பெரிது. சிகிச்சையை முடித்தவர்களுக்கு வேறு குழப்பம். ரேடியேஷன் முடிந்து எத்தனை மாதம் பொறுக்க வேண்டும்? ஹார்மோன் மாத்திரை சாப்பிடும்போது செய்யலாமா? குழந்தைக்கு முன்பா, பின்பா? ஆபீஸில் லீவு கிடைக்குமா?

மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியப் பெண்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே வருகிறது. அறுபது வயதுப் பெண்மணியை மனதில் வைத்து எழுதிய அறிவுரைகளில் குழந்தைப்பேறு இருக்காது, இடுப்பில் தூக்க வேண்டிய இரண்டு வயதுப் பிள்ளை இருக்காது, இன்னும் நாற்பது வருடம் உடம்பில் இருக்கப்போகும் இம்ப்ளான்ட் (மார்பின் வடிவுக்காக உள்ளே வைக்கும் செயற்கைப் பை) பற்றிய கணக்கும் இருக்காது. அந்தக் கணக்குகளைச் சேர்த்து, முன்னால் இருக்கும் நான்கு வழிகளைப் பார்ப்போம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுசீரமைப்புக்குக் கெடு கிடையாது. புற்றுநோய் சிகிச்சைக்கு உண்டு. ஆகவே கீமோவுக்கும் ரேடியேஷனுக்கும் நாள் குறித்த பிறகு மிச்சமிருக்கும் இடத்தில்தான் இதற்கு நாள் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து முடிவு செய்வது?

புற்றுநோய் சிகிச்சை தள்ளிப்போகுமா? ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ தேவை என்றால் புண் ஆறியதும், பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் தொடங்குவார்கள். இடைவெளி 90 நாளைத் தாண்டினால் பலன் குறைவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹார்மோன் மாத்திரைக்கும் ஹெர்-2 ஊசிக்கும் கட்டுப்படாத டிரிபிள் நெகட்டிவ் வகையில் அந்தக் குறைவு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கீமோவை முதலிலேயே முடித்தவர்களுக்கு, கடைசி டோஸிலிருந்து எட்டு வாரத்துக்குள் மார்பக ஆபரேஷன் நடந்துவிடுவது நல்லது. மறுசீரமைப்பில் சீழ் பிடித்தாலோ தோல் கருகினாலோ இந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிடும்.

ரேடியேஷன் உண்டா? எல்லாவற்றையும்விட அதிக எடை இதற்குத்தான். கதிர் பட்ட தோலும் அதன் அடியிலுள்ள தசையும் இறுகும், ரத்த ஓட்டம் குறையும், புண் ஆறத் தாமதமாகும். உள்ளே இம்ப்ளான்ட் இருந்தால் அதைச் சுற்றி உடம்பு கட்டும் உறை சுருங்கி, மார்பு கல்லாகி மேலே ஏறிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், ரேடியேஷன் வேண்டுமா வேண்டாமா என்பது சில பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் வரும் பயாப்சி ரிப்போர்ட்டில்தான் உறுதியாகிறது. அக்குளில் எத்தனை நெரிகட்டிகளில் நோய் இருந்தது என்பதை முன்கூட்டியே முழுசாகச் சொல்லிவிட முடியாது.

உங்கள் மரபணு ரிப்போர்ட் வந்துவிட்டதா? இளம் வயதில் நோய் வந்தால், பரம்பரையாக இந்த நோய்க்கு வழிவிடும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அடிவயிற்றுத் தசையைத் தொடாமல் கொழுப்பையும் தோலையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பு அமைக்கும் முறைக்கு 'டீப்' ஃபிளாப் என்று பெயர். அந்த வயிற்றை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இதற்குப் பயன்படுத்தலாம். ஒரு பக்கத்துக்காக வயிற்றை எடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து பிஆர்சிஏ பாசிட்டிவ் என்று தெரிந்து மறுபக்கத்தையும் எடுக்க நேர்ந்தால், அந்தப் பக்கத்துக்கு வயிறு இல்லை. தொடை, முதுகு, இம்ப்ளான்ட் என்றுதான் தேட வேண்டும். ஆகவே மரபணு ரிப்போர்ட் கையில் வராமல் டீப் ஃபிளாப்புக்கு நாள் குறிக்காதீர்கள்.

அப்புறம் குழந்தை, வீடு, வேலை, இன்சூரன்ஸ். இவற்றை ஒவ்வொரு வழியோடும் சேர்த்துப் பார்க்கலாம்.

## வழி 1: மார்பகத்தை எடுக்கும் அன்றே

ஒரே மயக்கம், ஒரே அட்மிஷன். சர்ஜன் மார்பகத் தோலையும், பாதுகாப்பு என்று பட்டால் காம்பையும் விட்டுவைத்து உள்திசுவை மட்டும் எடுப்பார். பிளாஸ்டிக் சர்ஜன் அந்த உறைக்குள் இம்ப்ளான்டையோ வயிற்றுத் திசுவையோ வைப்பார். தோற்றம் என்று மட்டும் பார்த்தால் நான்கில் சிறந்தது இதுதான். சொந்தத் தோல் இருப்பதால் மடிப்பும் வளைவும் இயல்பாக அமைகின்றன. கண் விழிக்கும்போது மார்பு தட்டையாக இருக்காது என்பதும் பலருக்குப் பெரிய விஷயம்.

மறைந்திருக்கும் செலவுகள்: முதலாவது, முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம். புற்றுநோய் என்ற செய்தியே இன்னும் உள்ளே இறங்காத நேரத்தில் இம்ப்ளான்டின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது, ஒரே நாளில் இரண்டு சர்ஜன்களின் தேதி. புற்றுநோய் சர்ஜனும் மைக்ரோசர்ஜரி (மெல்லிய ரத்தக்குழாய்களை ஒட்டவைக்கும் வேலை) தெரிந்த பிளாஸ்டிக் சர்ஜனும் ஒரே தியேட்டரில் நிற்க வேண்டும். சென்னை, கோவை, வேலூர் போன்ற ஊர்களில் இது நடக்கும். மற்ற ஊர்களில் இதற்காக நாள் நீண்டுகொண்டே போனால் மறுசீரமைப்பை விட்டுவிட்டு மார்பக ஆபரேஷனை முதலில் முடிப்பதுதான் சரி. மூன்றாவது, எதிர்பாராமல் வரும் ரேடியேஷன். அன்றே வைத்த இம்ப்ளான்ட் மேல் கதிர் பட்டால் மேலே சொன்ன இறுக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது; சிலருக்கு இம்ப்ளான்டை எடுத்துவிட வேண்டியும் வரலாம்.

இது யாருக்கு: ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டு, ரேடியேஷன் தேவைப்பட வாய்ப்பு மிகக் குறைவு என்று டியூமர் போர்டு (சிகிச்சையைக் கூடி முடிவு செய்யும் டாக்டர்கள் குழு) சொன்னவர்களுக்கு. நோயே வராமல், பிஆர்சிஏ காரணமாக முன்னெச்சரிக்கையாக இரண்டு பக்கமும் எடுப்பவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. புகைபிடிப்பவர்களும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களும் தள்ளிப்போடுவது நல்லது.

## வழி 2: எக்ஸ்பாண்டர் வைத்து இடம் பிடித்துக்கொள்வது

இது நடுவழி. மார்பகத்தை எடுக்கும் அன்றே தோலுக்கோ தசைக்கோ அடியில் காற்றில்லாத பலூன் போன்ற எக்ஸ்பாண்டரை வைத்துத் தைத்துவிடுவார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊசி வழியாக உப்புநீர் ஏற்றி விரிப்பார்கள். பயாப்சி ரிப்போர்ட் வந்து ரேடியேஷன் இல்லை என்றால் சீக்கிரமே நிரந்தர ஏற்பாட்டுக்குப் போகலாம். உண்டு என்றால் எக்ஸ்பாண்டர் தோலைக் காப்பாற்றி வைத்திருக்கும்; கதிர் முடிந்து மாதங்கள் கழித்து இம்ப்ளான்டோ சொந்தத் திசுவோ வைப்பார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மையம் 2000-களின் தொடக்கத்தில் இந்த ஒழுங்கை முறைப்படுத்தியது. ரிப்போர்ட் பிறகுதான் வரும் என்ற பிரச்சினைக்கு அவர்கள் கண்ட வழி இது.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் கையைக் கடிப்பது பயணச் செலவு. திருநெல்வேலியிலோ தேனியிலோ இருப்பவர், எக்ஸ்பாண்டரை நிரப்ப வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ சென்னைக்குப் போய் வர வேண்டும். கூட ஒருவர், இரண்டு டிக்கெட், ஒரு நாள் சம்பளம். பத்து நிமிட வேலைக்கு இரண்டு இரவு பஸ். நிரப்பிய அன்றும் மறுநாளும் நெஞ்சில் இறுக்கமும் வலியும் இருக்கும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று: பல எக்ஸ்பாண்டர்களில் ஊசி போடும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் இருக்கிறது. அது உள்ளே இருக்கும்வரை எம்ஆர்ஐ எடுக்கக் கூடாது. முதுகுவலி என்று போனால் உடனே எம்ஆர்ஐ எழுதிக் கொடுக்கும் காலம் இது. எக்ஸ்பாண்டர் இருப்பதை எல்லா டாக்டரிடமும் முதல் வரியாகச் சொல்ல வேண்டும். வைத்த அன்றே அதன் கார்டை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொள்ளுங்கள்.

இது யாருக்கு: ரேடியேஷன் வருமா என்பது நிஜமாகவே நிச்சயமில்லாதவர்களுக்கு, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. ரேடியேஷன் உறுதி என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டால், வெளியூரிலும் இருந்தால், நான் அடுத்த வழியைத்தான் சொல்வேன்.

## வழி 3: எல்லாம் முடிந்த பிறகு

முதலில் மார்பகத்தை எடுத்துத் தட்டையாகத் தைத்துவிட்டு, கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடித்து, உடம்பு தேறிய பிறகு மறுசீரமைப்பு. இதை இரண்டாந்தரமாகப் பார்க்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது, அது தேவையில்லாதது. ரேடியேஷன் உறுதியான இளம் பெண்ணுக்குப் பெரும்பாலும் இதுவே முதல்தரம். சொந்தத் திசுவின் மேல் கதிர் பட்டு அது சுருங்கும் ஆபத்து இல்லை. புண் ஆறாததால் கீமோ தள்ளிப்போகும் பயமும் இல்லை. சர்ஜனைத் தேடி, இன்னொருவரிடமும் கருத்துக் கேட்டு, அவர் செய்த கேஸ்களின் படங்களைப் பார்த்து முடிவெடுக்க அவகாசம் இருக்கிறது.

எவ்வளவு காலம் பொறுப்பது? ரேடியேஷன் முடிந்து குறைந்தது ஆறு மாதம். ஒரு வருடம் ஆகட்டும் என்று சொல்லும் சர்ஜன்களும் உண்டு. கதிர் பட்ட தோல் ஒரு நிலைக்கு வர அவ்வளவு காலம் பிடிக்கிறது. அதற்குமேல் ஐந்து வருடம் போனாலும் கதவு மூடாது. ஹெர்-2 என்ற புரதம் மிகுந்திருக்கும் புற்றுநோய் வகைக்கு ஒரு வருடம் போடும் ட்ராஸ்டுஜுமாப் ஊசி நடந்துகொண்டிருப்பதே ஆபரேஷனுக்குத் தடையல்ல. ஊசிக்கு நடுவே எந்த வாரம் வசதி என்பதை ஆன்காலஜிஸ்ட் குறித்துத் தருவார். டாமாக்சிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரையின் விஷயம் வேறு. அது ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும் மாத்திரை. மெல்லிய ரத்தக்குழாய்களை ஒட்டவைக்கும் ஆபரேஷன் என்பதால் பல சர்ஜன்கள் இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்துவதையும் மறுபடி தொடங்குவதையும் ஆன்காலஜிஸ்ட் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

ரேடியேஷன் பட்ட மார்புக்கு இம்ப்ளான்டைவிட சொந்தத் திசு பொருத்தம். டீப் ஃபிளாப் ஆபரேஷன் ஆறு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். முதல் ஒன்றிரண்டு நாள் நர்ஸ் மணிக்கொருமுறை வந்து ஒட்டவைத்த திசுவுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பார், தூங்க முடியாது. ஆஸ்பத்திரியில் நான்கு முதல் ஏழு நாள். கைதேர்ந்த இடங்களிலும் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்குத் திசு பிழைக்காமல் போகலாம். ஆகவே 'வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் எத்தனை தோற்றது?' என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார்.

மறைந்திருக்கும் செலவுகள்: தோல் ஏற்கெனவே போய்விட்டதால் வயிற்றுத் தோல் ஒரு திட்டாக மார்பில் தெரியும். இரண்டாவது முறை மயக்கம், இரண்டாவது லீவு, இரண்டாவது முறை உறவினரைத் துணைக்குக் கூப்பிடுவது. நடுவில் ஒன்றிரண்டு வருடம் தட்டையாகவோ செயற்கை மார்பு வைத்தோ இருக்க வேண்டும். ஒல்லியான பெண்களுக்கு வயிற்றில் போதுமான கொழுப்பு இருக்காது. தொப்பை குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் இந்த வழி அடைபட்டுவிடும். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் தடையல்ல.

பிறகுதான் செய்யப்போகிறீர்கள் என்றாலும், மார்பகத்தை எடுப்பதற்கு முன் பிளாஸ்டிக் சர்ஜனை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தழும்பு எந்தத் திசையில் போக வேண்டும், எந்த ரத்தக்குழாயைத் தொடாமல் விட வேண்டும் என்பதெல்லாம் அவர் முன்கூட்டியே சொல்லக்கூடியவை.

## வழி 4: செய்துகொள்ளாமலே இருப்பது

பட்டியலில் இதைச் சேர்க்காமல் விடுவது அநியாயம். சிகிச்சை சீக்கிரம் முடியும், அடுத்தடுத்து ஆபரேஷன் இல்லை, கண்காணிக்க இம்ப்ளான்ட் இல்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2020-ல் தட்டையாக, சுருக்கமில்லாமல் தைத்து முடிப்பதையும் ஒரு தனி மறுசீரமைப்பு முறையாகவே தன் சொற்பட்டியலில் சேர்த்தது. இதைச் செய்யவும் திறமை வேண்டும். 'பின்னால் மனசு மாறினால் இருக்கட்டும்' என்று கேட்காமலே தோலைத் தொங்கவிட்டுத் தைத்துவிடும் சர்ஜன்களும் இருக்கிறார்கள். தட்டையாகத்தான் வேண்டும் என்றால் அதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

செலவு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. சிலிக்கான் செயற்கை மார்பு சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நம் வெயிலில் வியர்க்கும், கனக்கும். பருத்தி நூலில் பின்னிய இலகுவானவையும் கிடைக்கின்றன. ஜாக்கெட்டில் உள்பை வைத்துத் தைத்துத் தரும் டெய்லர் ஒருவர் கிடைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பெரிய மார்பு உள்ளவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் எடை இருப்பதால் தோளும் முதுகும் வலிக்கலாம்.

இது யாருக்கு: இன்னொரு ஆபரேஷன் வேண்டாம் என்று மனம் தெளிவாகச் சொல்பவர்களுக்கு. புருஷனோ மாமியாரோ என்ன நினைப்பார்கள் என்ற கணக்கை இதில் சேர்க்காதீர்கள். மறுசீரமைத்த மார்பில் தொடு உணர்வு பெரும்பாலும் திரும்பாது. அது புடவைக்குள் நிறைவாக இருக்கும், உடலுறவில் பழைய மார்பாக இருக்காது. இதை முன்கூட்டி யாரும் சொல்லாததால் ஏமாந்துபோகிறவர்கள் அதிகம்.

## ஒரே பார்வையில்

| | அன்றே | எக்ஸ்பாண்டர் | பிறகு | செய்யாமல் |
|---|---|---|---|---|
| கீமோ தள்ளிப்போகும் ஆபத்து | புண் ஆறாவிட்டால் உண்டு | கொஞ்சம் உண்டு | மிகக் குறைவு | மிகக் குறைவு |
| ரேடியேஷன் உறுதி என்றால் | பெரும்பாலும் தவிர்ப்பது நல்லது | சமாளிக்கலாம் | மிகப் பொருத்தம் | பொருத்தம் |
| பெரிய ஆபரேஷன்கள் | ஒன்று, பின் சிறு திருத்தங்கள் | இரண்டு | இரண்டு | ஒன்று |
| முடிவெடுக்க அவகாசம் | மிகக் குறைவு | பாதி இப்போது, பாதி பிறகு | வேண்டிய அளவு | வேண்டிய அளவு |
| ஆஸ்பத்திரிப் பயணம் | நடுத்தரம் | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| தோற்றம் | மிக இயல்பு | நன்று | தோல் திட்டு தெரியும் | தட்டை |

## இம்ப்ளான்ட் என்றால் இன்னொரு கணக்கு

32 வயதில் வைக்கும் இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் வராது. 10, 15 வருடத்தில் மாற்ற நேரலாம் என்று எடுத்துக்கொண்டால், 70 வயதுக்குள் இன்னும் இரண்டு மூன்று ஆபரேஷன். அமெரிக்க மருந்து நிர்வாகம் சிலிக்கான் இம்ப்ளான்டுக்கு ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேனும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் எடுக்கச் சொல்கிறது. அதையும் பட்ஜெட்டில் சேருங்கள். சொரசொரப்பான மேற்பரப்புள்ள சில இம்ப்ளான்டுகள் ஓர் அரிய வகை லிம்ஃபோமாவோடு (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) தொடர்புள்ளவை என்று தெரிந்து, அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை 2019 ஜூலையில் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. உங்களுக்கு வைப்பது எந்த வகை, எந்த கம்பெனி என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் செலவு, ஆபரேஷன் நேரம், லீவு மூன்றிலும் இம்ப்ளான்ட் மலிவு. நீண்ட கணக்கில் சொந்தத் திசு முந்திவிடும்.

## குழந்தை ஆசை இருந்தால்

ஹார்மோன் மாத்திரையை நடுவில் நிறுத்திக் குழந்தை பெறலாமா என்பதற்கு 2023-ல் வெளியான 'பாசிட்டிவ்' ஆய்வு ஓரளவு தெம்பு தந்தது. 42 வயதுக்கு உட்பட்டவர்கள், 18 முதல் 30 மாதம் மாத்திரை சாப்பிட்ட பிறகு, இரண்டு வருடம் வரை நிறுத்திக் குழந்தைக்கு முயன்றார்கள். குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்ட காலக் கண்காணிப்பு தொடர்கிறது.

டீப் ஃபிளாப்புக்குப் பிறகும் பிள்ளை பெறலாம். வயிற்றுச் சுவர் தேற ஓராண்டு இடைவெளி விடச் சொல்வது வழக்கம். தசையையும் சேர்த்து எடுக்கும் 'ட்ராம்' ஃபிளாப் என்றால் வயிற்றுச் சுவர் பலவீனமாகும், குடலிறக்கப் பயம் கூடும். குழந்தை வேண்டும் என்பவர்கள் அதைத் தவிர்க்கலாம். வயது ஏறிக்கொண்டிருந்தால் நான் குழந்தையை முன்னால் வைப்பேன். ஆபரேஷன் காத்திருக்கும், கருமுட்டை காத்திருக்காது. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் சதையும் தாராளமாக இருக்கும் என்பது கூடுதல் லாபம். பாலூட்டல் மறுபக்க மார்பில் மட்டுமே நடக்கும்.

## இன்சூரன்ஸ்: எந்த மாதம் என்பதும் முக்கியம்

'பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது' என்று கவுன்டரில் சொன்னவுடன் திரும்பி வந்துவிடாதீர்கள். இந்தியாவில் மருத்துவ பாலிசிகளின் பொது விலக்குகளில் அழகு சிகிச்சையும் பிளாஸ்டிக் சர்ஜரியும் இருப்பது உண்மை. அதே விதியிலேயே விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பின் செய்யும் மறுசீரமைப்புக்கு விலக்கு பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறது. முன்அனுமதிக் கடிதத்தில் 'புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றியதைத் தொடர்ந்த மறுசீரமைப்பு' என்று டாக்டர் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் ஒரே பாலிசி வருடத்தில் வந்தால் காப்பீட்டுத் தொகை அதிலேயே கரைந்துவிடும். மறுசீரமைப்பைப் புதுப்பித்தல் தேதிக்குப் பிறகு வைத்தால் தொகை மறுபடி முழுதாக இருக்கும். தள்ளிப்போடுவதில் கிடைக்கும் உண்மையான லாபங்களில் இது ஒன்று. எதிர்ப்பக்கமும் உண்டு: நடுவில் பிரீமியம் கட்டத் தவறினாலோ, கம்பெனி பாலிசியை மட்டும் நம்பியிருந்து வேலையை விட்டாலோ, புதிய பாலிசியில் பழைய நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு வரலாம். வேலை மாறும் எண்ணம் இருந்தால் ஆபரேஷனை அதற்கு முன் முடியுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதில் சிகிச்சைகள் பேக்கேஜாக வரும் என்பதால், மறுசீரமைப்பு எந்தப் பேக்கேஜில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் அட்மிஷனுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.

## நாள் குறிக்கும்போது

'ஆடியில் வேண்டாம்' என்று வீட்டில் சொன்னால், மார்பகத்தை எடுக்கும் ஆபரேஷனுக்கு அந்தப் பேச்சையே எடுக்க விடாதீர்கள். தள்ளிச் செய்யும் மறுசீரமைப்புக்கு என்றால் சரி, ஆவணியில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குடிமுழுகாது. வயிற்றுத் திசு எடுத்தவர்கள் பல வாரம் இறுக்கமான பெல்ட் கட்ட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் அது நரகம். ஆறு முதல் எட்டு வாரம் குடமோ குழந்தையோ தூக்கக் கூடாது என்பதால், ஸ்கூல் விடுமுறையைவிட ஸ்கூல் திறந்த பிறகு செய்வதே பல தாய்மார்களுக்கு வசதி. பகலில் பிள்ளைகள் வீட்டில் இருக்க மாட்டார்கள்.

லீவை முதல் ஆபரேஷனிலேயே தீர்த்துவிடாதீர்கள். காம்பு அமைப்பது, மறுபக்க மார்பைச் சமன் செய்வது, பள்ளமான இடத்தில் கொழுப்பு நிரப்புவது எல்லாம் மூன்று முதல் ஆறு மாதம் கழித்து வரும் சிறு ஆபரேஷன்கள். ஒவ்வொன்றுக்கும் சில நாள் ஒதுக்கி, எது எப்போது வரும் என்று சர்ஜனிடம் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.